தில்லியிடம் கணக்குக் கேட்டவர்: அசோக் மித்ராவும் மாநிலக் கருவூலமும்

1977 ஜூன் 21 அன்று மேற்கு வங்கத்தில் ஜோதி பாசு தலைமையில் இடது முன்னணி அரசு பதவியேற்றபோது நிதித்துறை அசோக் மித்ராவிடம் போனது. ஐந்தாண்டுகளுக்கு முன்புவரை அவர் தில்லியில் இந்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். எந்த வரியில் மாநிலத்துக்குப் பங்கு உண்டு, எதில் கிடையாது, எந்த மானியம் சட்டப்படி வந்து சேரும், எது மத்திய அமைச்சரின் மனம்போல் வரும் என்பதையெல்லாம் நிதியமைச்சகத்தின் உள்ளேயிருந்தே பார்த்திருந்தார். கொடுக்கும் கையின் பழக்கவழக்கம் தெரிந்த ஒருவர் வாங்கும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அடுத்த பல ஆண்டுகள் மத்திய–மாநில நிதி உறவு பற்றி நாட்டில் நடந்த வாதங்களின் சூட்டுக்கு இதுவே பெரிய காரணம்.

கொல்கத்தாவில் தமிழர்கள் கூடியிருக்கும் ஓர் அவையில் இவரைப் பொருளாக எடுத்துக்கொள்வதற்கு நியாயம் உண்டு. 1977-இல் அவர் வென்ற தொகுதி ராஷ்பிகாரி. தென்னிந்தியர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட், அந்தப் பெயரைத் தாங்கிய அவென்யூவை ஒட்டித்தான் இருக்கிறது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. மேற்கு வங்க அரசின் அன்றைய தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் கட்டடத்திலிருந்து அவர் கேட்ட கேள்விகளில் பாதியை அதற்கு முன்பே சென்னைக் கோட்டையில் கேட்டிருந்தார்கள். மீதிப் பாதி சென்னைக்குக் கொஞ்சம் சங்கடமானது. இரண்டையும் சேர்த்துப் பேச வேண்டும்.

மித்ரா 1928-இல் டாக்காவில் பிறந்தவர். பிரிவினை அவரை இந்தப் பக்கம் கொண்டுவந்து சேர்த்தது. காசி இந்து பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து, நெதர்லாந்தின் ராட்டர்டாமில் யான் டின்பெர்கனிடம் முனைவர் பட்டம் பெற்றார். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு 1969-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பகிர்ந்துகொண்டவர் அதே டின்பெர்கன். லக்னோ, பாங்காக், வாஷிங்டன், கொல்கத்தா ஐ.ஐ.எம். என்று ஆசிரியப் பணியிலும் ஆய்விலும் சுற்றிவந்த மித்ரா, தில்லியில் வேளாண் விலைக் குழுவின் தலைவரானார். பிறகு 1970 முதல் 1972 வரை தலைமைப் பொருளாதார ஆலோசகர். ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ இதழில் அவர் எழுதிவந்த ‘கல்கத்தா டைரி’ பகுதியைப் பொருளாதாரம் படிக்காதவர்களும் தேடிப் படித்தார்கள். இலக்கியமும் அரசியலும் கோபமும் கலந்த உரைநடை அது. வங்காளத்தில் எழுதிய ‘தால் பேதால்’ கட்டுரை நூலுக்கு 1996-இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது.

சட்டமன்றத்தில் ஒருமுறை, தாம் பத்ரலோக் எனப்படும் கனவான் வகையைச் சேர்ந்தவர் இல்லை, கம்யூனிஸ்ட் என்று அவர் சொன்னது இந்நகரத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. கோபக்காரர் என்ற பெயர் அதனாலேயே நிலைத்துவிட்டது. ஆனால் அவருடைய வாதங்களின் வலிமை கோபத்தில் இல்லை. அது கணக்கில் இருந்தது.

அந்தக் கணக்கு இதுதான். பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல் நிலையம், பாசனக் கால்வாய், கிராமச் சாலை ஆகியவற்றுக்கான செலவு பெரும்பாலும் மாநிலத்தின் தலையில். பொருளாதாரம் வளர வளரத் தாமும் வளரும் வரிகள் மத்திய அரசின் கையில்: வருமான வரி, கம்பெனி வரி, உற்பத்தித் தீர்வை, சுங்கம். மாநிலத்துக்கு விற்பனை வரி, முத்திரைத்தாள், மதுத் தீர்வை, வாகன வரி, நிலவரி. இந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்ப, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிதிக்குழு அமைக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் ஏற்பாடு செய்தது.

பங்கு பிரிப்பதற்கு முன்பே பானையிலிருந்து எடுத்துக்கொண்டால் என்ன செய்வது? மித்ரா சலிக்காமல் எடுத்துக்காட்டியது இதைத்தான். 1959-இல் கம்பெனிகள் கட்டும் வருமான வரி, மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்பிலிருந்து விலக்கப்பட்டது. வருமான வரியின் மேல் போட்ட கூடுதல் வரியில் மாநிலங்களுக்குப் பங்கில்லை. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவற்றின் மீது உற்பத்தித் தீர்வையை உயர்த்தினால் மாநிலங்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அதனால் தீர்வையைத் தொடாமல் அவற்றின் நிர்ணய விலையை மட்டும் மத்திய அரசு உயர்த்தியது. நுகர்வோர் கொடுக்கும் கூடுதல் பணம் முழுவதும் மத்திய அரசின் நிறுவனங்களுக்கே போனது. கறுப்புப் பணத்தை வெளியே கொண்டுவர 1981-இல் சிறப்புப் பத்திரங்கள் வெளியிடப்பட்டன. வருமான வரியாக வந்திருந்தால் பெரும்பங்கு மாநிலங்களுக்குச் சேர்ந்திருக்கும் பணம், கடன் பத்திரமாக வந்ததால் தில்லியிலேயே நின்றுவிட்டது.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நிர்வாக முடிவுகள். பட்டியலாகச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரு திசை தெரிகிறது. அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் படிக்கும் மொழிக்குக் கொண்டுவந்தது மித்ராவின் பெரும்பணி என்றே சொல்ல வேண்டும். பட்ஜெட் உரை என்பது எண்களைப் படித்து முடிக்கும் சடங்காகிவிட்ட நாட்டில், அவருடைய உரைகள் அரசியல் விவாதத்தின் தொடக்கமாக இருந்தன.

1977 டிசம்பரில், பதவியேற்ற ஆறே மாதத்தில், மத்திய–மாநில உறவுகள் பற்றி மேற்கு வங்க அரசு ஒரு குறிப்பாணையை வெளியிட்டது. பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம், தகவல் தொடர்பு, பொருளாதார ஒருங்கிணைப்பு ஆகியவை மத்திய அரசிடம் இருந்தால் போதும்; மத்திய அரசு திரட்டும் மொத்த வருவாயில் 75 விழுக்காடு மாநிலங்களுக்கு வர வேண்டும்; மாநில அரசுகளைக் கலைக்க வழிசெய்யும் 356-ஆவது பிரிவு நீக்கப்பட வேண்டும்; மாநிலங்களவையில் எல்லா மாநிலங்களுக்கும் சம எண்ணிக்கையில் இடம் வேண்டும் என்றெல்லாம் அது கேட்டது. அப்போது தில்லியில் இருந்தது இடதுசாரிகளின் ஆதரவைப் பெற்ற ஜனதா அரசுதான். ஆனாலும் பிரதமர் மொரார்ஜி தேசாய் இதற்கு இடம் கொடுக்கவில்லை.

தமிழர்களுக்கு இந்தக் கோரிக்கைகள் புதியவை ஆகா. 1969-இல் முதலமைச்சர் மு. கருணாநிதி நீதிபதி பி.வி. ராஜமன்னார் தலைமையில் குழு அமைத்தார். குழு 1971-இல் அறிக்கை கொடுத்தது. 1974 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. சென்னையும் கொல்கத்தாவும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. ஆனால் புறப்பட்ட இடங்கள் வேறு. சென்னை மொழியிலும் இனத்தின் மானத்திலும் தொடங்கியது. கொல்கத்தா வர்க்கத்தில் தொடங்கியது.

வர்க்கம் பேசுகிற மார்க்சியர் ஏன் மாநில உரிமைக்காக வாதாட வேண்டும் என்று அப்போதே அவரைக் கேட்டவர்கள் உண்டு. விடை 1977-இல் வெளிவந்த அவருடைய ‘டெர்ம்ஸ் ஆஃப் டிரேட் அண்ட் கிளாஸ் ரிலேஷன்ஸ்’ நூலில் இருக்கிறது. நெல்லுக்கும் கோதுமைக்கும் என்ன விலை, துணிக்கும் இயந்திரத்துக்கும் என்ன விலை என்பதைச் சந்தை மட்டும் முடிவு செய்வதில்லை, அரசியல் பலமும் முடிவு செய்கிறது என்பது அந்நூலின் வாதம். விற்பதற்கு உபரி தானியம் வைத்திருக்கும் பெரிய விவசாயிகளும் பெரிய தொழிலதிபர்களும் செய்துகொண்ட உடன்பாடே இந்திய அரசு என்று அவர் கருதினார். வேளாண் விலைக் குழுவின் தலைவர் நாற்காலியில் இருந்தபோது அந்த நெருக்குதலை நேரிலேயே கண்டவர் அவர். அந்த உடன்பாட்டின் பிடி தில்லியில் இறுகியிருந்ததால், கூலிக்காரரும் குத்தகைக்காரரும் எட்டித் தொடக்கூடிய அரசு மாநில அரசுதான் என்ற முடிவுக்கு வந்தார். இந்த முடிவை எல்லா மாநிலத்துக்கும் பொருத்த முடியாது. சில மாநிலத் தலைநகரங்களில் நிலவுடைமையாளர்களின் கை தில்லியில் இருந்ததைவிட ஓங்கியிருந்தது. வங்கத்தில் அவருடைய கணிப்பு பெருமளவு பலித்தது.

1978-இல் தொடங்கிய ‘ஆபரேஷன் பர்கா’ அதற்குச் சான்று. நிலச்சீர்திருத்த அமைச்சர் பினய் சௌதுரியின் திட்டம் அது. பர்காதார் எனப்படும் வாரக் குடிகளின் பெயரைப் பதிவு செய்து, சட்டத்தில் இருந்த உரிமையைக் கையில் கொடுத்தது. இடுபொருளைக் குடியானவரே போட்டால் விளைச்சலில் 75 விழுக்காடு அவருக்கு, நில உரிமையாளர் போட்டால் பாதி. காலப்போக்கில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பர்காதார்கள் பதிவானார்கள். 1978 ஜூனில் கட்சி அடிப்படையில் மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. செப்டம்பரில் மாநிலமே வெள்ளத்தில் மூழ்கியது. பதவிக்கு வந்து மூன்று மாதமே ஆன பஞ்சாயத்துகளின் வழியாக நிவாரணப் பணமும் தானியமும் போயின. வேலைக்கு உணவுத் திட்டமும் அவற்றின் கையில் கொடுக்கப்பட்டது. மத்திய அரசு மாநிலத்தை நம்ப வேண்டும் என்று கேட்ட ஓர் அரசு, தானும் கிராமத்தை நம்பிப் பணம் கொடுத்தது. கொள்கையும் நடத்தையும் இப்படிப் பொருந்திப் போவது இந்திய அரசியலில் அரிது.

பலன் வயலில் தெரிந்தது. 1980களில் மேற்கு வங்கத்தின் உணவு தானிய விளைச்சல் ஆண்டுக்கு 6 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்ததை அனமித்ரா சாகாவும் மதுரா சுவாமிநாதனும் 1994-இல் மாவட்ட வாரியாக எழுதிக் காட்டினார்கள். பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, பால் கெர்ட்லருடனும் மைத்ரீஷ் கட்டக்குடனும் சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சியில் பர்கா பதிவுக்கும் பங்குண்டு என்றது. ஆழ்குழாய்க் கிணறுகளும் போரோ எனப்படும் கோடை நெல்லும் அதில் பெரும்பங்கு வகித்தன என்று வாதிடுவோரும் உண்டு. இரண்டும் சேர்ந்தே நடந்தன.

சென்னைக்குச் சங்கடமான பாதி என்று தொடக்கத்தில் சொன்னது சரக்குக் கட்டணச் சமன்படுத்தல். 1956 முதல் இந்தியாவின் எந்த ரயில் நிலையத்திலும் இரும்பும் எஃகும் ஒரே விலைக்குக் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசு ஏற்பாடு செய்தது. தூர இடங்களுக்கு ஆகும் கூடுதல் கட்டணத்தை ஒரு பொது நிதி ஈடுகட்டியது. ஆலைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஹவுரா பட்டறைகளுக்கு இயல்பாகக் கிடைத்துவந்த அனுகூலம் இதனால் அடியோடு போயிற்று. பஞ்சுக்கும் எண்ணெய் வித்துக்கும் இப்படியொரு சமன்படுத்தல் கிடையாது. வங்கத்து மில் அந்தப் பொருள்களைத் தூரத்திலிருந்து முழுக் கட்டணம் கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. தன்னிடம் இருக்கும் பொருளின் அனுகூலத்தை இழக்க வேண்டும், இல்லாத பொருளுக்கு முழு விலை கொடுக்க வேண்டும், இது என்ன நீதி என்று மித்ரா மேடைதோறும் கேட்டார். கொல்கத்தாவில் இக்கொள்கையைப் பற்றிப் பேச்சு வந்தால் அன்றைய மத்திய அமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரும் கூடவே வரும்.

கோயம்புத்தூரின் பம்புசெட்டுத் தொழிலும் சென்னையின் வாகன உதிரிபாகத் தொழிலும் தம் முயற்சியால் வளர்ந்தவை. அதில் ஐயமில்லை. ஆனால் ஹவுராக்காரர் கொடுத்த விலைக்கே எஃகு வாங்க முடிந்ததும் அந்த வளர்ச்சிக்குத் துணை செய்தது. தில்லியின் கொள்கையால் தமிழகம் இழந்ததைப் பேசுகிற நாம், பெற்றதையும் பேசினால்தான் வங்க நண்பர்கள் நம் பேச்சுக்குக் காது கொடுப்பார்கள். இந்தக் கொள்கை 1990களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அதற்குள் ஹவுராவில் பல பட்டறைகள் மூடிவிட்டன.

எல்லாவற்றுக்கும் இதையே காரணமாக்குவது தவறு. 1970களிலும் 80களிலும் கொல்கத்தாவை வாட்டிய மின்வெட்டு, ஆலைகளில் நடந்த கதவடைப்புகள், தொழிற்சங்கங்களின் கட்டுப்பாடில்லாத போக்கு எல்லாம் மாநிலத்துக்குள்ளேயே தீர்வு தேட வேண்டியவை. தில்லியைக் குற்றம் சொல்வது ஒரு கட்டத்துக்கு மேல் ஆளுங்கட்சிக்கு வசதியான பழக்கமாகிவிட்டது. அதே சமயம் ஹல்தியா பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு அனுமதி பெறப் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்ததும், நாட்டின் எல்லைக்கு அருகில் இருக்கிறது என்ற காரணம் காட்டி சால்ட் லேக்கில் மின்னணு வளாகம் மறுக்கப்பட்டதும் கற்பனைக் குறைகள் இல்லை.

ஓவர்டிராஃப்ட் தகராறு மித்ராவின் பெயரோடு ஒட்டிக்கொண்ட இன்னொன்று. மாநில அரசுகளின் வங்கி ரிசர்வ் வங்கி. மாதச் சம்பளம் கொடுக்கும் நாளில் கையில் பணம் குறைந்தால் வழிவகை முன்பணம் என்ற பெயரில் ஓரளவு எடுக்கலாம். அதையும் தாண்டினால் ஓவர்டிராஃப்ட். மேற்கு வங்கம் அதைத் தாராளமாகப் பயன்படுத்தியது. பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தை அரசே ஏற்றது, பன்னிரண்டாம் வகுப்புவரை கல்விக் கட்டணத்தை நீக்கியது, வேலையில்லாதோருக்கு உதவித்தொகை கொடுத்தது. இவற்றுக்கெல்லாம் மாதாமாதம் பணம் வேண்டும். மத்திய அரசு பற்றாக்குறையை ரிசர்வ் வங்கியிடம் கடன் வாங்கிச் சமாளிக்கிறது, அதையே மாநிலம் செய்தால் மட்டும் ஒழுங்கீனமா என்பது மித்ராவின் எதிர்க்கேள்வி. தொடர்ந்து 7 வேலை நாளுக்கு மேல் ஓவர்டிராஃப்டில் இருந்தால் பட்டுவாடா நிறுத்தப்படும் என்று 1985-இல் விதி வந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும் தனக்குத் தானே பணம் அச்சடித்துக்கொள்ளும் நிலை நீடிக்க முடியாது என்பதும் உண்மை. இந்த ஒரு வழக்கில் தில்லியின் பக்கமே பலமாக இருந்தது.

எட்டாவது நிதிக்குழு விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒய்.பி. சவாண் தலைமையிலான அக்குழுவின் பரிந்துரைகள் 1984 முதல் 1989 வரைக்குமானவை. இறுதி அறிக்கை தாமதமாக வந்தது என்று சொல்லி முதலாண்டில் அதை நடைமுறைப்படுத்தாமல் இடைக்கால அறிக்கையையே மத்திய அரசு கடைப்பிடித்தது. மேற்கு வங்கத்துக்கு அந்த ஓராண்டில் மட்டும் சில நூறு கோடி ரூபாய் இழப்பு. அன்றைய மாநில பட்ஜெட்டின் அளவை நினைத்தால் அது பெரிய அடி.

இதற்கிடையே மற்ற மாநிலங்களும் பேசத் தொடங்கியிருந்தன. 1983 மார்ச்சில் பெங்களூரில் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே கூட்டிய தென் மாநில முதலமைச்சர்கள் கூட்டத்தில் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் கலந்துகொண்டார்கள். அடுத்த சில நாள்களில் மத்திய–மாநில உறவை ஆராய இந்திரா காந்தி சர்க்காரியா ஆணையத்தை அறிவித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஸ்ரீநகரில் எதிர்க்கட்சிகள் கூடின. 1977-இல் கொல்கத்தாவிலிருந்து எழுந்த கோரிக்கை ஆறே ஆண்டில் தேசியப் பொருளாகியிருந்தது. இதற்கு இடையில் 1981-இல் பன்னாட்டு நிதியத்திடம் இந்தியா பெருங்கடன் வாங்கியபோது, அந்தக் கடன் பற்றிய ஆவணங்களைச் சென்னையிலிருந்து வரும் ‘தி இந்து’வில் என். ராம் வெளியிட்டார். கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க அரசே அக்கடனின் நிபந்தனைகளை விமர்சித்து ஒரு நூல் கொண்டுவந்தது. தேசத்தின் கடனைப் பற்றி ஒரு மாநில அரசு நூல் வெளியிட்டது அசாதாரணமான செயல்.

சொந்த ஊரில் அவர் காட்டிய துணிச்சலுக்கு எடுத்துக்காட்டு சஞ்சயிதா விவகாரம். 1975-இல் 7,000 ரூபாய் மூலதனத்தில் தொடங்கிய பங்குதாரர் நிறுவனம் அது. சான்றிதழில் 12 விழுக்காடு வட்டி என்று எழுதிக் கொடுத்து, மீதியைக் கணக்கில் வராமல் ரொக்கமாகக் கொடுத்து, மொத்தம் ஆண்டுக்கு 48 விழுக்காடு வரை வட்டி தருவதாகப் பேர் பெற்றது. ஓய்வூதியர்களும் குமாஸ்தாக்களும் டாக்டர்களும் வரிசையில் நின்றார்கள். கறுப்புப் பணமும் வரிசையில் நின்றது. அஞ்சலகச் சிறுசேமிப்பில் நிகரமாகச் சேரும் தொகையில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்துக்குக் கடனாக வந்த காலம். ஆகவே இப்படிப்பட்ட நிறுவனம் மக்களுக்கு மட்டுமில்லாமல் கருவூலத்துக்கும் ஆபத்தாக இருந்தது. 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டுத் தடைச் சட்டத்தின்கீழ் 1980 டிசம்பரில் மாநில அரசு வழக்குப் பதிந்து சோதனை நடத்தியது.

பணம் போட்டவர்கள் அரசின் மேல்தான் கோபப்பட்டார்கள். மாதாமாதம் வட்டி ஒழுங்காக வந்துகொண்டிருந்ததே, கெடுத்தது நிதியமைச்சர்தானே என்று நடுத்தர வர்க்கம் கேட்டது. 1982 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இந்தத் தொழில் அச்சட்டத்தின் வரையறைக்குள் வரவில்லை என்று சொல்லி முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தது. சட்டத்தில் இருந்த ஓட்டை அப்போதுதான் நாட்டுக்கே தெரிந்தது. நிறுவனத்தால் பணத்தைத் திருப்பித் தர முடியவில்லை என்பது சீக்கிரமே வெளிப்பட்டது.

ஓட்டையை யார் அடைத்தார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1990களில் சென்னையில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்து கவிழ்ந்தபோது தமிழ்நாடு அரசு 1997-இல் வைப்பாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றம் 2011-இல் அதைச் செல்லும் என்றது. மேற்கு வங்கம் விழித்துக்கொள்ள 2013 ஏப்ரலில் மக்களிடம் பணம் திரட்டிவந்த சாரதா நிறுவனம் சரிய வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்காக மாநில அரசு 500 கோடி ரூபாய் நிதி ஒதுக்க நேர்ந்தது. 1980-இல் ஒரு நிதியமைச்சர் மக்களின் கோபத்தை ஏற்றுக்கொண்டு செய்த செயலின் பாடத்தை அவருடைய மாநிலமே முப்பது ஆண்டு படிக்காமல் விட்டது வேதனையானது.

கல்வித்துறை தொடர்பான கருத்து வேற்றுமையில் மித்ரா 1987 தேர்தலுக்கு முன்பே அமைச்சரவையை விட்டு விலகினார். 1993 முதல் 1999 வரை மாநிலங்களவை உறுப்பினர். சிங்கூரிலும் நந்திகிராமிலும் விவசாயிகளின் நிலத்தைத் தம் கட்சியின் அரசே எடுக்க முயன்றபோது அதை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். 2013-இல் ‘ஆரேக் ரகம்’ என்ற வங்காள இதழைத் தொடங்கினார். 2018 மே முதல் நாளில், 90 வயதில், இந்நகரத்திலேயே காலமானார்.

அவருக்குப் பின் வந்த அசீம் தாஸ்குப்தா 1987 முதல் 2011 வரை நிதியமைச்சர். மித்ராவைப் போல் வாள் வீசாதவர். மாநில நிதியமைச்சர்களின் அதிகாரமளிக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை தாங்கி, விற்பனை வரியை மதிப்புக் கூட்டு வரியாக மாற்றுவதற்கு எல்லா மாநிலங்களையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். விற்பனை வரியின் வரலாறு சென்னைக்கும் கொல்கத்தாவுக்கும் இடையே நெய்தது போல் இருக்கிறது. பொது விற்பனை வரியை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது 1939-இல் ராஜாஜியின் சென்னை மாகாண அரசு. மதுவிலக்கால் இழந்த வருவாய்க்கு அது ஈடு. வங்கம் 1941-இல் அதைப் பின்பற்றியது. 2005 ஏப்ரலில் பெரும்பாலான மாநிலங்கள் மதிப்புக் கூட்டு வரிக்கு மாறின. தமிழ்நாடு 2007 ஜனவரியில்தான் மாறியது. மாநிலத்தின் கையில் இருந்த ஒரே பெரிய வரி அது என்பதால் அந்தத் தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கது.

2011 தேர்தலில் கர்தா தொகுதியில் தாஸ்குப்தாவைத் தோற்கடித்தவர் அமித் மித்ரா. தொழிலதிபர்களின் கூட்டமைப்பான ஃபிக்கியின் பொதுச்செயலாளராக இருந்து வந்தவர். சுமார் 1.9 லட்சம் கோடி ரூபாய் கடனை முந்தைய அரசு விட்டுச் சென்றதாகத் திரிணாமூல் காங்கிரஸ் அரசு ஓயாமல் சொல்லிவந்தது. அரசியலில் இரு துருவங்களான அசோக் மித்ராவும் அமித் மித்ராவும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒரே வாதத்தைத்தான் பேச வேண்டியிருந்தது. 2017 ஜூலை முதல் வந்த ஜிஎஸ்டிக்குத் தொடக்கத்தில் துணைநின்ற அமித் மித்ரா, 2020-இல் கொரோனா காலத்தில் இழப்பீட்டை மத்திய அரசு தர மறுத்து மாநிலங்களைக் கடன் வாங்கச் சொன்னபோது கடுமையாக எதிர்த்தார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் கணக்கு அதேதான்.

மாற்றம் எதுவும் வரவில்லையா என்றால் வந்தது. 2000-இல் 80-ஆவது திருத்தத்தின் மூலம் கம்பெனி வரி உட்பட மத்திய வரிகள் அனைத்தும் பங்கிடும் தொகுப்புக்குள் வந்தன. 14-ஆவது நிதிக்குழு மாநிலங்களின் பங்கை 42 விழுக்காடாக்கியது. காஷ்மீர் யூனியன் பிரதேசமானதால் 15-ஆவது குழு அதை 41 ஆக்கியது. ஆனால் செஸ், கூடுதல் வரி இரண்டும் இன்னும் தொகுப்புக்கு வெளியேதான். பெட்ரோல், டீசல் மீதான வரியில் பங்கிட வேண்டிய பகுதி சிறியதாகவும் பங்கிட வேண்டாத பகுதி பெரியதாகவும் வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது 1980களின் நிர்ணய விலைத் தந்திரம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. மனம்போல் நிறுத்தப்படும் மானியங்களும் தொடர்கின்றன. 2022 மார்ச் முதல் மேற்கு வங்கத்துக்கு நூறு நாள் வேலைத் திட்டப் பணம் நிறுத்தப்பட்டது. 2024–25-இல் தமிழ்நாட்டுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் 2,152 கோடி ரூபாய் வரவில்லை. முறைகேடு, கையெழுத்திடாத ஒப்பந்தம் என்று காரணங்கள் வெவ்வேறு. கூலி கிடைக்காதவரும் பள்ளிக்கூடமும் அடைந்த பாதிப்பு ஒன்றுதான்.

ஆனாலும் இரு மாநிலங்களும் எளிதில் கைகோத்துவிட முடியாது. பங்கிடும் தொகையில் 15-ஆவது நிதிக்குழு மேற்கு வங்கத்துக்குக் கொடுத்தது 7.523 விழுக்காடு, தமிழ்நாட்டுக்கு 4.079. தனிநபர் வருமானம் குறைந்த மாநிலத்துக்குக் கூடுதல் பங்கு என்ற விதியால் கொல்கத்தாவுக்கு லாபம், சென்னைக்கு நட்டம். எஃகு விலையில் ஒரு காலத்தில் நடந்தது இப்போது தலைகீழாக நடக்கிறது. ஆகவே பங்கைப் பிரிக்கும் விதியில் இவ்விரு மாநிலங்களும் எதிரெதிரே நிற்கத்தான் செய்யும். பங்கிடப்படும் தொகையின் அளவில் மட்டும் இருவரின் நலனும் ஒன்று. மித்ரா 1977-இல் கேட்ட 75 விழுக்காடு இந்த இரண்டாவது வகைக் கோரிக்கை. அதனால்தான் அவரால் எல்லா மாநிலங்களையும் நோக்கிப் பேச முடிந்தது.

இன்றைக்கு அப்படிப் பேசுவதற்கு அவர் காலத்தில் இல்லாத ஒரு மேடை இருக்கிறது. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் வாக்கு எடை மூன்றில் ஒன்று. மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து மூன்றில் இரண்டு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். மத்திய அரசு இல்லாமல் எதுவும் நிறைவேறாது. பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்ற வேறுபாடில்லாமல் சட்டமன்றம் உள்ள 31 உறுப்பினர்களுக்கும் சம எடை என்பதால், அனைவரும் வந்திருந்து வாக்களித்தால் ஒரு தீர்மானத்தைத் தடுக்க 12 பேர் சேர்ந்தால் போதும். 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காக முதன்முதலாக வாக்கெடுப்பு நடந்ததைத் தவிர, அங்கே எல்லாம் ஒருமித்த கருத்தின் பெயரிலேயே முடிந்துவிடுகிறது. கவுன்சிலின் பரிந்துரைகள் மாநிலச் சட்டமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் நிலை மாறவில்லை. சென்னையும் கொல்கத்தாவும் இன்னும் பத்து மாநிலங்களைக் கூட்டிச் சேர்க்க வேண்டும். அதற்குமுன் பிரிக்கும் விதியைப் பற்றிய தம் சண்டையை அந்த மேசைக்கு வெளியே வைத்துக்கொள்ள இரு தலைநகரங்களின் நிதியமைச்சர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.